கொழுத்த கோடை

அந்தக் கோடையில் கொழுத்திருக்கவே கூடாத ஒரு மான் கொழுத்திருந்தது.

வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த ஏரியின் அக்கரையில் அது நின்றது. டாக்டர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்கி, கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். தூசுதான் ஏதோ வித்தை காட்டுகிறது என்று நினைத்தாள். தூசு இல்லை. பிட்டம் திரண்டு, வாலின் இரண்டு பக்கமும் மேடிட்டு, ஒரு விலாகூட வெளியே தெரியாமல், எண்ணெய் தேய்த்துவிட்டது போன்ற பளபளப்போடு அது நின்றது. சுற்றிலும் மேய ஒரு பச்சைப் புல் கிடையாது.

காட்டு விலங்குகளைத் தொடாமலே எடைபோடுவது அவள் வேலை. அந்தச் சரணாலயத்தின் கால்நடை மருத்துவர் அவள். மயக்க ஊசி போட்டுத் தராசில் ஏற்றி ஒரு கூட்டத்தையே பார்த்து முடிக்க யாராலும் முடியாது. தூரத்திலிருந்து கண்ணாலேயே தடவ வேண்டும். இடுப்பெலும்பு துருத்துகிறதா, முதுகுத்தண்டு கத்திமுனையாக நிற்கிறதா, விலாவை எண்ண முடிகிறதா, வயிற்றோரம் குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்து ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். பழக்க தோஷத்தில் பஸ்ஸில் எதிர் சீட்டில் இருப்பவர்களையும் உறவுக்காரர்களையும்கூட மனசுக்குள் எடைபோட்டுவிடுவாள். ஒருமுறை சின்ன மாமியாரைப் பார்த்து வாய் தவறி "நாலரை" என்று சொல்லிவிட்டு, மணியைச் சொன்னேன் என்று சமாளித்திருக்கிறாள்.

போன மாதம் இந்தக் கூட்டத்தில் ஒன்றுகூட இரண்டைத் தாண்டவில்லை. இன்று அந்த ஆண்மானுக்கு நாலு போடலாம். அதன் பக்கத்தில் நின்ற பெட்டைக்கும் நாலு. பின்னால் நின்ற எல்லாவற்றுக்கும்.

"நல்லாத்தானே இருக்கு டாக்டர்," என்றார் பக்கத்தில் நின்ற ஜீப் டிரைவர். வண்டியை மாட்டுவண்டி வேகத்துக்கு மேல் ஓட்டாதவர் என்பதால் அவருக்கு 'அவசரம்' என்று பேர் வைத்திருந்தார்கள். "போன மாசம் எல்லாம் சாகப்போகுதுன்னு சோறு இறங்காம கிடந்தீங்க. இப்ப தேறிடுச்சு. சந்தோஷப்பட வேண்டியதுதானே."

"எதைத் தின்னு தேறுச்சு?"

அவசரம் கையை விரித்தார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மான்கள் அசைபோடவில்லை. காதில் மொய்த்த ஈயை விரட்டக்கூட ஒரு காது அசையவில்லை. எல்லாத் தலைகளும் ஒரே பக்கம், எதுவுமே இல்லாத ஒரு பக்கம், திரும்பியிருந்தன. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. காலி பாட்டிலின் வாயில் யாரோ உதட்டை வைத்து மெல்ல ஊதுவது போல, தாழ்ந்து, நீண்டு, ஒரு தாலாட்டின் முதல் வரியிலேயே சிக்கிக்கொண்டது போல. ஒரு இலை அசையவில்லை. காற்றே இல்லை. அவசரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். டாக்டருக்கு நின்ற இடத்தில் நிற்க வராது, நாலடி அலையாவிட்டால் கால் ஊறும். அவள் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

அத்தனை மானிலும் ஒன்றுதான் நகர்ந்துகொண்டிருந்தது. பின்னங்கால் ஊனமான கிழட்டுப் பெட்டை. இடுப்பெலும்பில் துணி காயப்போடலாம், அவ்வளவு மெலிவு. விழுவதும் எழுவதுமாக, ஒரு கணம்கூட நிற்காமல், கூட்டத்தை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருந்தது. அதற்கு ஒன்று போட்டாள். பாவம், இதுதான் முதலில் போகும் என்று நினைத்தாள்.

குவார்ட்டர்ஸில் அக்கா பின்வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் டாக்டருடைய கணவனின் அக்கா. தம்பி சாகக் கிடந்தபோது பக்கத்தில் இருக்க வந்தவள். அவன் செத்துக் காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் கூடி, இனி உனக்கு இங்கே என்ன வேலை என்று அக்காவின் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தார்கள். டாக்டர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தன் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பேர்தான்.

"இன்னைக்கு எப்படி இருக்கு முட்டி?"

"இடதும் வலதும் பேச்சுவார்த்தை இல்லம்மா. ஒண்ணு கிழக்கே போகுது, ஒண்ணு மேற்கே போகுது. நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்." அக்கா கைத்தடியால் தரையைத் தட்டினாள். "உன் மான் எப்படி?"

"கொழுத்திருக்கு அக்கா."

"நல்லதுதானே?"

டாக்டர் செருப்பைக் கழற்றாமல் கூடத்தின் குறுக்கே நடந்துகொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து, கொழுத்த மான்களில் ஒன்று சின்ன வாய்க்கால் ஒன்றைத் தாண்டும்போது முன்னங்கால் ஒடிந்து செத்துப்போனது. ஒரு குட்டிகூட துள்ளிக் கடக்கிற வாய்க்கால் அது. அவசரமும் அவளும் அதைப் பரிசோதனைக் கொட்டகைக்குத் தூக்கி வந்தார்கள். தூக்கும்போதே அவளுக்குச் சரியில்லை. அந்த உடம்புக்கு இருக்க வேண்டிய கனம் இல்லை. வெயிலில் அவ்வளவு நேரம் கிடந்தும் வாடை இல்லை. ஈ வரவில்லை.

பட்டினியா இல்லையா என்று செத்த விலங்கைக் கேட்க இரண்டு இடம் உண்டு. ஒன்று, சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு. இன்னொன்று, தொடை எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை. உடம்பு தன்னிடம் இருக்கிற எல்லாக் கொழுப்பையும் செலவழித்த பிறகு, கடைசியில்தான் மஜ்ஜையில் கை வைக்கும். நன்றாகத் தின்ற மானின் மஜ்ஜை மெழுகாக, வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். பட்டினி கிடந்ததில் சிவந்து கூழாகி விரலில் வழியும்.

தோலைக் கீறினாள். கத்தி பட்ட இடத்தில் சதை ஒரு மூச்சு விட்டு அமுங்கியது. உள்ளே கொழுப்பு என்று ஒரு பொட்டு இல்லை. சிறுநீரகம் மொட்டையாக இருந்தது. அவசரம் தொடை எலும்பைப் பிடித்துக்கொள்ள, ரம்பத்தை வைத்தாள். வழக்கத்தில் பாதி நேரம்கூட ஆகவில்லை. ரம்பம் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

மஜ்ஜை இல்லை.

வெள்ளையும் இல்லை, சிவப்பும் இல்லை. ஒன்றுமே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்சுவர் கழுவித் துடைத்த பீங்கானாக மின்னியது. எலும்பை உருட்டி உருட்டித் தேடினாள். புழு துளைத்த ஓட்டை இல்லை, பல் பட்ட தடம் இல்லை. எது எடுத்ததோ, அது கதவைத் திறக்காமலே வீட்டைக் காலிசெய்திருந்தது.

வெளியே வெளிச்சம் மங்கியது. அவசரத்தின் கையிலிருந்த மறுபாதி எலும்பு மெல்ல ஊதத் தொடங்கியது.

ஏரிக்கரையில் கேட்ட அதே சத்தம். கொட்டகையின் கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. அவசரம் எலும்பைக் காதருகே கொண்டுபோய்ச் சிரித்தார்.

"அதைக் கீழ வைங்க."

அவர் வைக்கவில்லை. அவளே பிடுங்கி வைத்தாள். அப்போதுதான் உறைத்தது: அவ்வளவு நேரமும் அவசரம் ஒருமுறைகூட இருமவில்லை. இருமல் இல்லாத அவசரத்தை அவள் பார்த்ததே கிடையாது. கன்னம் நிரம்பியிருந்தது. கழுத்தெலும்பு மறைந்திருந்தது. தன்னையறியாமல் மதிப்பெண் போட்டாள். போட்ட மதிப்பெண் பிடிக்கவில்லை.

"எப்ப இப்படித் தேறினீங்க?"

"தெரியல டாக்டர். இருமல் நின்னுபோச்சு, முதுகு வலியும் இல்ல. வீட்ல கேக்குறாங்க, என்ன மருந்துன்னு."

"என்ன சாப்பிடுறீங்க?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "பசிக்கிறதே இல்ல," என்றார்.

அன்றைக்கே சரணாலய இயக்குநர் போன் பண்ணினார். மூச்சிரைப்புக்காரர், இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தித்தான் பேசுவார். இன்று நிறுத்தவில்லை.

"மானெல்லாம் அருமையா இருக்காமே. வறட்சியிலயும் காப்பாத்திட்டோம்னு மேல சொல்லணும். ஆரோக்கியமா இருக்குன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்திடுங்க."

"எழுத மாட்டேன் சார்."

"பார்க்கிறவங்க எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க."

"பார்க்கிறவங்க வெளிய நின்னு பார்க்கிறாங்க. நான் உள்ள பார்த்தேன். உள்ள ஒண்ணும் இல்ல சார்."

"உங்களை மாத்திட்டு வேற ஆளைப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"போடுங்க. வர்றவர் கையில ஒரு ரம்பம் கொடுத்து அனுப்புங்க."

வைத்துவிட்டாள். இயக்குநரின் குரலுக்குப் பின்னால், அவர் பேசி முடித்த இடைவெளிகளில், போனுக்குள் ஏதோ தாழ்ந்து ஊதிக்கொண்டிருந்ததாகத் தோன்றியதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

மறுநாள் மத்தியானம் அவசரம் ஜீப்பிலிருந்து இறங்கக் காலை ஊன்றினார். மண்கலயம் உடைகிற சத்தம் கேட்டது.

அவர் தரையில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே புதிதாக ஒரு மடிப்பு விழுந்திருந்த தன் காலை வேடிக்கை பார்த்தார். "வலிக்கல டாக்டர்," என்றார் ஆச்சரியமாக. அவள் அவரைத் தூக்கி வண்டியில் போட்டாள். ஒற்றை ஆளாகத் தூக்க முடிந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் கூட்டமே இல்லை. எப்போதும் உட்கார இடமில்லாத பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. நர்சுகள் முகம் பூசினாற்போல் இருந்தார்கள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்த ஆஸ்பத்திரி டாக்டரும் அப்படித்தான் இருந்தார். படத்தில் அவசரத்தின் எலும்புகள் எல்லாம் வெறும் ஓரமாக, பென்சிலால் இழுத்த கோடாக இருந்தன. இரண்டு கோட்டுக்கு நடுவே இருட்டு.

"ஒண்ணும் பயப்பட வேண்டாம். நல்லா இருக்கார்," என்று சிரித்தார் அந்த டாக்டர்.

"இந்தப் படத்தைப் பார்த்துட்டா சொல்றீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கட்டிலில் அவசரம் அவள் கையைப் பிடித்தார். உள்ளங்கை மெத்தென்று, சூடில்லாமல் இருந்தது. "நீங்க ஏன் டாக்டர் எப்பவும் அலைஞ்சுக்கிட்டே இருக்கீங்க? சாயங்காலம் அது வரும்போது சும்மா நின்னா போதும். வலி எங்க உட்கார்ந்திருக்குன்னு அதுக்குத் தெரியும். அப்படியே உறிஞ்சி எடுத்துடும். அவ்வளவு சுகம்."

"எது வரும்போது?"

"நின்னா தெரியும்." பிறகு, நல்ல செய்தி சொல்கிற குரலில், "நேத்து உங்க வீட்டு அக்காவும் வேலியோரம் நின்னாங்களே," என்றார்.

அவள் திரும்பி ஓட்டிய வேகத்தில் அந்த ஜீப் அதற்குமுன் ஓடியதே இல்லை.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் கைத்தடி விழுந்து கிடந்தது. பின்வாசலுக்கு வந்தாள். சூரியன் மரத்துக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது. துணி உலர்த்தும் கொடிக்கு அப்பால், கம்பி வேலியோரம், அக்கா நின்றிருந்தாள். நேராக. தடியில்லாமல். வேலிக்கு அந்தப் பக்கம் மான்கள் தோளோடு தோள் உரசி நின்றன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள்.

"அக்கா."

அக்கா திரும்பினாள். பத்து வயது குறைந்த முகம். "முட்டி வலி போயிடுச்சும்மா. ரெண்டும் ராசியாயிடுச்சு." மெல்லச் சொன்னாள்: "தம்பி ஞாபகம்கூட வலிக்கல. நினைச்சுப் பார்த்தேன். சும்மா ஒரு போட்டோ மாதிரி இருக்கு."

டாக்டர் அவளை இழுத்துக்கொண்டு போய் ஜீப்பில் ஏற்றினாள். அக்காவின் கை இன்னும் கனமாகத்தான் இருந்தது. முழுசாகப் போகவில்லை. இன்னும் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

சரணாலயத்தின் வாயிலுக்குப் போகும் பாதை ஒன்றுதான். பாதி தூரத்தில் விளக்கு வெளிச்சத்தில் கண்கள் தெரிந்தன. பாதை முழுக்க மான்கள். ஹாரன் அடித்தாள். ஒரு தலை திரும்பவில்லை. வண்டியை நிறுத்தினாள்.

நிறுத்தியது தப்பு.

சத்தம் வந்தது. வெளியிலிருந்து வரவில்லை. அவள் கணுக்காலிலிருந்து வந்தது. அங்கிருந்து மேலே ஏறியது. வெதுவெதுப்பாக. இதமாக. நாளெல்லாம் அலைந்த களைப்பு தொடையிலிருந்து நூல் நூலாகக் கழன்று போனது. ஆக்சிலேட்டரை மிதிக்க நினைத்தாள். கால் கேட்கவில்லை. பரவாயில்லை என்று தோன்றியது. சத்தம் விலாவுக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. கணவன் போன நாளிலிருந்து அங்கே ஒரு கனம் உட்கார்ந்திருந்தது. எழும்போதும் படுக்கும்போதும் கூடவே இருந்த கனம். அதை யாரோ மெல்லத் தொட்டார்கள். தூக்கிப் பார்த்தார்கள்.

அவளுக்குக் கோபம் வந்தது.

அப்படி ஒரு கோபம் அவளுக்கு வாழ்நாளில் வந்ததில்லை. அது என்னுடையது. அவன் விட்டுப்போனதில் மிச்சம் அது ஒன்றுதான். அதைத் தர முடியாது.

உதட்டைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. கால் அசைந்தது. கதவை உதைத்துத் திறந்து இறங்கி, மறுபக்கம் ஓடி, அக்காவை வெளியே இழுத்துப் போட்டாள்.

"நட."

"எதுக்கும்மா, நல்லா இருக்கே."

"நல்லா இருக்க வேண்டாம் அக்கா. நட. நிக்காத."

அக்காவின் கையைத் தன் தோளில் போட்டு, இடுப்பைக் கட்டிக்கொண்டு, மான்களுக்கு நடுவே புகுந்தாள். இரண்டு பக்கமும் பளபளத்த உடம்புகள் உரசின. காகிதம் உரசுவது போல. காய்ந்த சருகு உரசுவது போல. ஒவ்வொன்றின் உள்ளேயும் அந்த ஊதல். அக்காவின் கால் இழுபட்டது. ஒவ்வொரு அடிக்கும் தோளில் கனம் குறைவது போலிருந்தது. டாக்டர் அவள் கையைக் கிள்ளினாள். அழுத்திக் கிள்ளினாள். அக்கா சிரித்தாள்.

"தம்பி சாகும்போது என்ன சொன்னான்? சொல்லு."

"ஞாபகம் இருக்கு. ஆனா ஒண்ணும் பண்ணல."

"சொல்லு."

"அக்காவைப் பார்த்துக்கோன்னான். உன்கிட்ட."

"உன்கிட்ட என்ன சொன்னான்?"

அக்கா நடந்தாள். நாலைந்து அடி. பிறகு அவள் உடம்பு ஒருமுறை குலுங்கியது.

"அவளைப் பார்த்துக்கோன்னான்." குரல் உடைந்தது. "உன்னை." இன்னும் இரண்டடி. அவள் முகம் கோணியது. "அய்யோ, வலிக்குதும்மா. இடது முட்டி. உயிர் போகுது."

"நல்லது. நட."

"பாவி, கொல்றியே," என்று அழுதுகொண்டே அக்கா நடந்தாள். தோளில் அவள் கனம் திரும்ப வந்தது. முழுக்கனம். டாக்டரின் முதுகு வளைந்தது. மூச்சு வாங்கியது. இவ்வளவு சந்தோஷமாக எந்தச் சுமையையும் அவள் சுமந்ததில்லை.

வாயிலைத் தாண்டினார்கள். மெயின் ரோடு. தூரத்தில் டவுனின் முதல் தெருவிளக்கு. அதுவரை போய்விட்டால் போதும், ஏதாவது லாரி வரும். அக்கா நொண்டினாள். டாக்டர் இழுத்தாள். யாரும் நிற்கவில்லை.

தெருவிளக்கின் கீழே ஆட்கள் இருந்தார்கள்.

முதலில் நிம்மதியாக இருந்தது. கிட்டே போகப் போக எண்ணிக்கை கூடியது. ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. அவர்களுக்குப் பின்னால் இன்னும். விளக்கு எட்டாத இருட்டில் இன்னும். டீக்கடைக்காரர். பள்ளிக்கூட யூனிபாரத்தில் பிள்ளைகள். நர்சுகள். எக்ஸ்ரே படத்தை இன்னும் கையில் வைத்திருந்த அந்த டாக்டர். எல்லோரும் திரண்டு, மினுமினுத்து, கன்னம் பூரித்து, இந்தப் பக்கம் பார்த்தபடி நின்றார்கள். டவுனில் ஒரு சத்தம் இல்லை. ஒரு இருமல் இல்லை. ஒரு குழந்தை அழவில்லை. ஊதல் மட்டும்.

டாக்டரின் கால் தயங்கியது.

அக்காவின் நகம் அவள் தோளில் இறங்கியது. "என்னத்தைப் பார்க்கிற?" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு. "நடுவுல புகுந்து போ. என்னை இழுத்துக்கிட்டு வந்தல்ல, இப்ப நான் இழுக்கிறேன். நட."

நடந்தார்கள்.

எதிரே அத்தனை பேரும், ஒரே நேரத்தில், ஒரு காலைத் தூக்கி முன்னால் வைத்தார்கள்.

கலயங்கள் உடைந்தன. வரிசை வரிசையாக, ரோட்டின் அந்தக் கோடி வரை. ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. ஒடிந்த காலிலேயே ஊன்றி, சிரித்த முகத்தோடு, அடுத்த காலைத் தூக்கினார்கள்.